தண்ணீர் எதுவரை வந்தது என்று எழுதிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். வீட்டில் எனக்கு உட்கார இடமில்லை. என் கட்டில் முழுக்க உன் அம்மா முறுக்கு டின் அடுக்கி வைத்திருக்கிறாள். முன்னறையில் உன் சித்தி குடும்பம் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. அதனால் ஆபீசுக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். சொல்லிப் பார்த்தேன் அம்மா, வரவில்லை. உன்னைப் பாராட்டத்தான் வாயைத் திறக்கிறேன், அடுத்த நிமிஷமே ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றினாயா என்று கத்திக்கொண்டிருக்கிறேன். மற்றவர் சொத்தைப் பற்றிப் பேசியே முப்பது வருஷம் பிழைத்தவனுக்குச் சொந்த மகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேச வாய் வரவில்லை என்றால் அது வெட்கக்கேடுதான். என்ன செய்ய, அப்படித்தான் இருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் வேதக்கோயிலில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்களே, அதில் முதல் ஓலை வாசித்த பிறகு உன் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அது ஏன் நின்றது, மறுபடி எப்படிக் கூடிவந்தது என்பதில் உனக்குப் பாதிதான் தெரியும். மீதி என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடக்க என்னால் முடியாது. கொஞ்சம் பொறுத்துப் படி. நம் வீட்டில் பொறுமை உன் ஒருத்திக்குத்தான் இருக்கிறது.

நான் தரகுத் தொழில் பழகிய விதம் உனக்குத் தெரியும். மனை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கடைசிவரை வாயிலிருந்து விடக்கூடாது. 'பாளையங்கோட்டைப் பக்கம்', 'பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட', அவ்வளவுதான். சொன்னால் பார்ட்டி நேரே சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவான், நம்மை யார் சீந்துவார்? பார்ட்டியை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு நல்ல ரோடாகப் பார்த்துத்தான் போவேன். குப்பைக்கிடங்கு வழி எவ்வளவு குறுக்குவழியாக இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். ஆற்றுக் காற்று வீசுகிற சாயங்காலமாகப் பார்த்துக் கூட்டிப்போவேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றால் போகிற வழியிலேயே இளநீர் வாங்கிக் கொடுத்துவிடுவேன், அங்கே போனபிறகு தாகம் எடுக்காது பார். இதையெல்லாம் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போதே உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நீ ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை, அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

வெப்சைட் ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது, அதை மட்டும் நீ ஒத்துக்கொள்ள வேண்டும். ஜங்ஷனில் ஒருவர் செய்து கொடுத்தார். முதல் பக்கத்தில் எந்த நாடு என்றே தெரியாத முப்பது மாடிக் கட்டடம். அதற்குக் கீழே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற எழுத்து. ஓரத்தில் கோட் போட்டுக்கொண்டு நான். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது. அந்தப் பெட்டிதான் எனக்கு உயிர். கல்லூரி முடித்து நீ ஆபீசில் வந்து உட்கார்ந்த முதல் வாரம், பெருமை தாங்காமல் உன்னைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இங்க வந்து பாரு. இன்னைக்கு மட்டும் பதினேழு பேரு வந்திருக்காவ."

நீ என் போனை வாங்கி எதையோ தட்டிப் பார்த்தாய். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "யப்பா, பதினேழு தடவையும் வந்தது நீங்கதான்."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தில் உனக்குத் தெரியாமல் ஒரு கம்பெனிக்காரனைப் பிடித்தேன். போனில்தான் பேசினான், எந்த ஊர்க்காரன் என்று இன்றுவரை தெரியாது. ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் வரவைக்கிறேன் என்றான். சொன்ன மாதிரியே வந்தார்கள். பெட்டியில் எண் கிடுகிடுவென்று ஏறியது. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு போன்கூட அடிக்கவில்லை. கடைசியில் நீதான் உள்ளே போய்ப் பார்த்துச் சொன்னாய். "யப்பா, வந்தவிய எல்லாம் பிரேசிலு, வியட்நாமு. அங்கன இருந்து எவன் வந்து கே.டி.சி. நகர்ல மூணு சென்ட் வாங்கப் போறான்? கூட்டம் பாக்கணும்னா பொருட்காட்சிக்குப் போங்க. நமக்கு வேண்டியது வீடு தேடுதவன் மட்டும்." நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நீ பைய சொன்னாய், நான் அந்தக் கம்பெனிக்காரனுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினேன்.

அதன் பிறகு ஒரு மாதம் நீ வெப்சைட்டைத் தொடவே இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு, ஆபீஸ் போனில் கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை அவர்கள் வாய்வார்த்தையாகவே எழுதிக்கொண்டிருந்தாய். ஆத்துத் தண்ணி வருதா, போர் தண்ணியா? பொம்பளப் பிள்ளை டியூஷன் முடிஞ்சு தனியா நடந்து வரலாமா? பட்டா யார் பேர்ல இருக்கு? பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேக்குமா? இந்தக் கேள்விகளையெல்லாம் மழுப்புவதில் நான் தேர்ந்தவன். நீ ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினாய், தலைப்பிலும் அவர்கள் கேட்ட மாதிரியே போட்டாய். அதே கேள்வியை எவனோ ஒருவன் துபாயில் உட்கார்ந்து தட்டினால் நம் பக்கம் வந்து நிற்கும் என்றாய். முப்பது மாடிக் கட்டடமும் போயிற்று, என் கோட்டும் போயிற்று. படம் கனமாக இருந்தால் சாதாரணப் போனில் திறக்காதாம்.

பஸ் நிறுத்தத்தில் இறங்கி மனைவரைக்கும் நீ நடந்துபோய், போனில் படம் பிடித்துப் போட்டதை நான் ஆபீசில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா. பாட்டு இல்லை, ஜோடனை இல்லை. 'பைய நடந்தா ஒம்பது நிமிஷம். மத்தியானம்னா குடை எடுத்துக்கிடுங்க' என்று உன் குரல் மட்டும். ஓரிடத்தில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய், அதையும் வெட்டாமல் அப்படியே போட்டாய். போச்சு என்று நினைத்தேன், ஆனால் அந்த மனை விற்றது. உப்பு என்று தெரிந்தே ஒருவர் வாங்கினார், குடிதண்ணீர்க் குழாய் வருகிற வருஷம் வரட்டும் என்று. விற்றுப்போன மனையையும் விளம்பரத்தில் தூண்டில் புழு மாதிரி விட்டுவைப்பது என் வழக்கம். நீ அன்றைக்கே எடுத்துவிடுவாய். ஆறு மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, நான் உன்னைக் குத்திக்காட்டாத நாளில்லை. ஏழாவது மாதத்திலிருந்து போன் நிற்கவில்லை.

என்னோடு தொழில் பார்க்கிற பேட்டை அண்ணாச்சி ஒருநாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "ஏவே, உம்ம மக வழி காட்டி, வாசல் காட்டி, எல்லாத்தையும் ஊருக்குத் தொறந்து விட்டுட்டா. இனி நம்மள எவன் வே கூப்பிடுவான்?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். நீ அவருக்கு டீ சொல்லிவிட்டு, "மாமா, எடம் தெரிஞ்சவன் எல்லாம் எடம் வாங்கிர முடியுமா? பழைய பத்திரத்தை வாசிச்சுப் பாக்கணும், வில்லங்கம் எடுக்கணும், அண்ணன் தம்பி கையெழுத்துக்கு அலையணும். அதுக்கு நம்மளத்தான தேடுவாவ" என்றாய். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். மறு மாதம் அவருடைய இரண்டு மனையை நம் வெப்சைட்டில் போடச் சொல்லிப் படத்தோடு வந்தார்.

பிறகு அந்த மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபோது ஒவ்வொரு காம்பவுண்டுச் சுவரிலும் சேறு ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. என்னைப் போன்ற தரகர்கள் எல்லாரும் வீட்டுக்காரர்களுக்குச் சொன்ன முதல் யோசனை ஒன்றுதான்: சீக்கிரம் வெள்ளையடிங்க. கிறிஸ்மஸ் வருகிறது, பொங்கல் வருகிறது, எப்படியும் வெள்ளையடிக்கிற மாதம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். நானே பதினோரு வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீ அதே வாரம் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, சுடிதார்க் காலை மடித்துவிட்டுத் தெருத் தெருவாகப் போனாய். "வெள்ளையடிக்கதுக்கு முன்னால அளந்துரணும் யப்பா" என்று அவ்வளவுதான் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "விக்கக் குடுத்தவன் வீட்டுச் சுவத்தையே அளந்து ஊருக்குக் காட்டுனா, எவன்ட்டி இனி நம்மகிட்ட குடுப்பான்?"

நீ அளந்ததை அங்குலத்தில் போடவில்லை. முட்டளவு, இடுப்பளவு, வாசல்படி வரை, எத்தனை நாள் நின்றது என்று சனங்கள் பேசுகிற மாதிரி எழுதினாய். நம்மிடம் இருந்த ஒவ்வொரு மனைக்கும் வீட்டுக்கும் கீழே அந்த ஒரு வரி. தண்ணீர் வராத இடத்துக்கு எதுவும் எழுதவில்லை. 'வரி இல்லை என்றால் அங்கே தண்ணீர் வரவில்லை என்று பொருள்' என்று பக்கத்தின் தலையிலேயே போட்டுவிட்டாய். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு மனையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஜனம் அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தது மகளே. வாங்குகிறவர்கள் மட்டுமா, வாடகைக்குப் பார்க்கிறவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு தன் தெரு எப்படி இருக்கிறது என்று தேடியவர்கள், எல்லாரும் வந்தார்கள். 'வெள்ளப் பக்கம் பாத்தேன்' என்றுதான் போனில் பேச்சையே ஆரம்பித்தார்கள். கோயில் வாசலில் ஒருவர் என்னை இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைக்கும்போது, 'அந்த வெப்சைட் பிள்ளையோட அப்பா' என்றார். முப்பது வருஷம் சம்பாதித்த பெயர் ஒரே வருஷத்தில் போய்விட்டதே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் ஆழ்வார்குறிச்சி சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஜெபசிங் வள்ளியூரில் வாத்தியார், நிதானமான பிள்ளை, உனக்கும் பிடித்திருந்தது. சம்பந்திக்கு நெல் வியாபாரம். பேச்சு முடிந்து தாம்பூலம் மாற்றிய கையோடு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதிதாகப் போட்ட நகரில் தனக்கு ஒரு மனை இருக்கிறது, மருமகள் வெப்சைட்டில் போட்டால் பட்டென்று போய்விடுமாமே என்றார். உன்னிடம் சொன்னேன். நீ எல்லாரிடமும் போகிற மாதிரியே போய், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து, அந்த வீட்டம்மாவிடம் கேட்டு, 'இடுப்பளவு, இரண்டு நாள் நின்றது' என்று போட்டுவிட்டாய்.

சம்பந்தி உன்னிடம் கேட்கவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார். "என்ன வே, வேத்தாளுக்குப் போடுத மாதிரி எனக்கும் போட்டிருக்கு. நாளைக்கு அவ வாழ வரப்போற வீடு இது" என்றார். அந்த மாதம்தான் நீ எனக்கு வெப்சைட்டைத் திறக்கவும் மாற்றவும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய், நீ வள்ளியூர் போனபிறகு இங்கே யார் பார்ப்பது என்று. எனக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, நான் தப்புத் தப்பாக அமுக்கும்போதெல்லாம் என் விரலைப் பிடித்து நகர்த்தினாய். நீ சாப்பிடப் போன நேரம் பார்த்து, யாருடைய உதவியும் இல்லாமல் அந்த வெப்சைட்டில் நான் செய்த முதல் வேலை, அந்த ஒரு வரியை அழித்தது. அதோடு விட்டேனா? சம்பந்திக்குப் போன் போட்டு, "சொல்லிட்டேன் அண்ணாச்சி. அவளே எடுத்துட்டா" என்றேன். 'அவளே' என்று சொன்னால் உன்னை மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைப்பார், போகிற வீட்டில் உனக்கு நல்லது என்று பட்டது. அவர் சந்தோஷப்பட்டார், நானும் சந்தோஷப்பட்டேன்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த புதன்கிழமை சவூதியில், தம்மாமில் இருக்கிற ஒருவரிடமிருந்து ஆபீஸ் போனுக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேட்டைக்காரர், பெயரை இங்கே எழுதவில்லை. நீ அதை ஸ்பீக்கரில் போட்டாய், நான் எதிரே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, எல்லா எடத்துக்கும் வெள்ளத் தண்ணி எம்புட்டு வந்துச்சுன்னு போட்டிருக்கிய. இந்த மனைக்கு ஒண்ணும் இல்ல, அப்ப தண்ணி வரலேன்னு எடுத்துக்கிடுதேன். அன்னைக்கு எங்க உம்மாவைக் கட்டிலோட தூக்கி மாடிக்குக் கொண்டு போனாவ. நான் இங்கன இருந்து போன்ல அழுதுக்கிட்டு இருந்தேன். அதான் கேக்கேன். நீங்க சரின்னா முன்பணம் அனுப்பிருதேன்." அது சம்பந்தியின் மனை.

நீ கம்ப்யூட்டரைத் திறந்தாய். யார் பாஸ்வேர்டில், எந்த நாள், எத்தனை மணிக்கு அந்த வரி போனது என்பதெல்லாம் அதில் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. நீ ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் பேப்பரைத் திருப்பினேன். நீ வரியைத் திரும்பப் போட்டு, அதற்குக் கீழே 'இந்த வரி பதினாறு நாள் இந்தப் பக்கத்தில் இல்லை. எங்கள் தவறு' என்று எழுதிவிட்டு, தம்மாமுக்குப் போன் போட்டாய். "அண்ணே, அங்கன இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. உம்மாவுக்கு அது வேண்டாம்" என்று நீ சொன்னதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். சம்பந்திக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்.

மறுநாள் சம்பந்தி உன் போனுக்கே கூப்பிட்டார். நான் பத்திரம் வைக்கிற பக்கத்து அறையில் இருந்தேன். அவர் போட்ட சத்தத்துக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. "ஏம்மா, இஷ்டம் இல்லேன்னா முதல்லயே எடுக்காம இருந்திருக்கணும். நீயே எடுத்துட்டு, ஓலை வாசிச்ச பொறவு நீயே திரும்பப் போட்டு, அதுக்குக் கீழ தவறுன்னும் எழுதி, என்னை ஊருக்கு முன்னால கள்ளனாக்கிட்டியே. இது என்ன குணம்?" நான் யார் பெயரைச் சொல்லித் தப்பித்தேன் என்பது அப்போது உனக்குப் புரிந்திருக்கும். 'நான் எடுக்கல மாமா, எங்கப்பா எடுத்தாவ' என்று நீ சொல்லப்போகிறாய் என்று அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எடுத்தது தப்புதான் மாமா. போட்டது தப்பில்ல" என்றாய். அப்போதும் நீ பொய் சொல்லவில்லை. யார் எடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் வெளியே வந்து போனை வாங்கியிருக்க வேண்டும். வரவில்லை. நீ போனை வைத்து, மூக்கை உறிஞ்சி, அடுத்த போனை எடுத்த பிறகுதான் வந்தேன், அதுவும் தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி.

அந்த ஞாயிறு நம் சபை ஐயர் மூன்று ஜோடிக்கு ஓலை வாசித்தார். உன் பெயர் இல்லை, சம்பந்தி நிறுத்தச் சொல்லியிருந்தார். முன் வரிசையிலிருந்து பின் வரிசைவரை தலைகள் திரும்பின. நீ பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எல்லாரோடும் சேர்ந்து பாடினாய். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தை இப்போது எழுதக் கை கூசுகிறது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு உன்னைப் பார்த்துத்தான் கத்தினேன். "ஊருக்கெல்லாம் உண்மை சொல்லி, உன் கல்யாணத்துக்கு நீயே உலை வச்சுட்டியே." உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அவளும் என்னோடு சேர்ந்துகொண்டாள். நீ தட்டை எடுத்து வைத்துவிட்டு, "யப்பா, நாளைக்குக் காலைல பெங்களூர் பார்ட்டி வருது. நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாய். என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு கேவலமாக உணரவைத்ததில்லை. நீ அதற்காகச் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

உனக்குத் தெரியாத பாதி இதுதான். திங்கட்கிழமை நீ அந்தப் பெங்களூர் பார்ட்டியோடு கிளம்பியதும் ஆபீசைப் பூட்டிவிட்டுப் பாபநாசம் பஸ் ஏறி, அம்பாசமுத்திரத்தில் மாறி, ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். சம்பந்தி வாசலில் நெல் மூடைக்குப் பக்கத்தில் நின்றார், வாரும் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் வீட்டம்மாதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, ஓலை வாசிக்கவில்லை என்றால் வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று ஜெபசிங் வள்ளியூரிலேயே இருக்கிறான் என்றார்கள். நான் உட்காராமலே சொன்னேன். "அண்ணாச்சி, அந்த வரியை எடுத்தது என் மக இல்ல, நான். அவளுக்குத் தெரியாம எடுத்தேன். அவளே எடுத்தான்னு உங்ககிட்ட சொன்னது பொய். உங்க மனைக்கு அவ எழுதுனது நெசம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப போன்ல நான் அந்த ஏச்சு ஏசுனேனே, அவ ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொல்லல."

"உம்மைக் காட்டிக் குடுக்கலியே வே."

"இல்ல அண்ணாச்சி."

அவர் மூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் தெளிந்துபோனது. "இந்த மாதிரிப் பிள்ளைதான் வே வீட்டுக்கு வேணும். நாளைக்கு எங்க வீட்டு விஷயமும் வெளிய போவாது. ஐயர்ட்ட நான் பேசுதேன், நீரு சாப்பிட்டுட்டுப் போம்" என்றார். சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையும், அதற்கடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். அவருடைய கோபம் தானாக ஆறியது என்று நீ நினைத்துக்கொண்டாய், நானும் திருத்தவில்லை. அந்த மனை இன்னும் விற்கவில்லை. தம்மாம்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், உம்மா தொழுகையில் உனக்காகத் துஆ செய்வதாக மட்டும் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும்போது அம்பாசமுத்திரம் தாண்டும்வரை எனக்குச் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. எங்க வீட்டு விஷயமும் வெளிய போவாது. அவர் நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் உன்னிடம் மெச்சியது எது என்று பார். நீ சுவரை அளந்ததை மெச்சவில்லை, தம்மாமில் இருக்கிற ஒருவரின் உம்மாவை நினைத்ததை மெச்சவில்லை. அப்பன் செய்த தப்பை உன் தலையில் வாங்கிக்கொண்டு வாயை மூடினாயே, அதை மெச்சினார். அதே குணத்தைத் தன் வீட்டுக்கும் எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பை அவருக்கு உண்டாக்கியவன் நான்தான்.

உன்னிடம் நான் வியக்காத விஷயம் இல்லை மகளே. கூட்டத்தைத் தேடி அலைந்தவன் நான். நீ உண்மையை எழுதிவைத்துவிட்டு உட்கார்ந்தாய், தேடுகிறவர்கள் வந்தார்கள். ஆனால் அன்று போனில் நீ என்னை மறைத்ததை மட்டும் நான் மெச்சமாட்டேன். மறைக்கிற வேலை எனக்குப் பழகிய வேலை. என்னிடமிருந்து நீ எதையும் படித்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன், இதைப் படித்திருக்கிறாய். அதனால் இந்தக் கடிதத்தை நம் வெப்சைட்டிலேயே, ஜனம் அதிகம் வருகிற வெள்ளப் பக்கத்தின் கீழேயே போடுகிறேன். வரியை அழித்தது யார் என்று வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும். சம்பந்தியிடம் கேட்டேன். கொஞ்சம் முனகிவிட்டு, "போட்டுத் தொலையும் வே, எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி நல்ல தண்ணின்னும் ஒரு வரி போடும்" என்றார். போட்டுவிட்டேன். நீ வந்து குடித்துப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்.

புருஷன் வீட்டில் அனுசரித்துப் போ என்று உன் சித்தி ஆயிரம் சொல்வாள், அம்மாவும் சொல்வாள். சாப்பாட்டில், சீலையில், நாள்கிழமையில் அனுசரித்துப் போ. மாமனாரோ மாமியாரோ ஜெபசிங்கோ யாராவது ஒரு தப்பைச் செய்துவிட்டு அதை உன் தலையில் வைத்தால், எனக்காக வாயை மூடிய மாதிரி அவர்களுக்காக மூடாதே. நான் எடுக்கவில்லை, இன்னார் எடுத்தார் என்று பெயரைச் சொல். சத்தம் போடுவார்கள், போடட்டும். உன் பேச்சைக் கேட்க அங்கே ஆள் இல்லை என்றால் எனக்குப் போன் பண்ணு. வள்ளியூருக்கு ஒரு மணி நேரம்தான். இந்தத் தடவை நான் பக்கத்து அறையில் நிற்கமாட்டேன்.

உன் அப்பா